தொலைந்த இடத்தில் முளைத்த சொற்கள்

1820ஆம் ஆண்டில் செஸ்டர் ஹார்டிங் என்ற ஓவியர் அமெரிக்காவின் மிசௌரிப் பகுதிக்குப் போய், 85 வயதான ஒரு முதியவரை உட்காரவைத்துப் படம் வரைந்தார். முதியவரின் பெயர் டேனியல் பூன். 1775இல் அப்பலாச்சிய மலைகளைத் தாண்டிக் கென்டக்கிக்குள் போக 'வில்டர்னஸ் ரோடு' என்ற காட்டுப்பாதையை வெட்டியவர். திசைகாட்டிகூட இல்லாமல் இத்தனை காலம் காட்டில் திரிந்தீர்களே, ஒருமுறையாவது தொலைந்துபோனதுண்டா என்று ஓவியர் கேட்டார். தொலைந்ததாகச் சொல்ல முடியாது, ஒருமுறை மூன்று நாள் 'பிவில்டர்டு' ஆகிவிட்டேன் என்றாராம் பூன்.

இன்று அந்தச் சொல்லுக்கு அகராதியில் பார்த்தால் 'திகைத்த', 'குழம்பிப்போன' என்றிருக்கும். ஆனால் அதன் வயிற்றுக்குள் 'வைல்டு' இருக்கிறது, 'வில்டர்னஸ்' இருக்கிறது. பாதையில்லாத காட்டில் மாட்டிக்கொண்டவன் நிலையைச் சொல்லத்தான் 17ஆம் நூற்றாண்டில் அந்த வினை எழுந்தது. பூன் வேடிக்கையாகச் சொன்னாரோ வீம்பாகச் சொன்னாரோ, சொல்லை அதன் சொந்த ஊரிலேயே வைத்துப் பேசியிருக்கிறார். இருக்கும் இடம் தெரியாமல் மூன்று நாள் அலைந்தது அவருக்கு வெறும் தடுமாற்றம். தொலைவது வேறு.

ஆங்கிலத்தில் வழி தவறுவதையும் புத்தி தடுமாறுவதையும் குறிக்கும் மரபுத்தொடர்கள் ஏராளம். பள்ளிக்கூடத்து இலக்கணப் புத்தகங்கள் அவற்றை இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும். பட்டியலில் எல்லாத் தொடர்களுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் வரும்: 'என்ன செய்வதென்று தெரியாமல் இருத்தல்.' அங்கேதான் சாரம் வடிந்துபோகிறது. கடலில் திசை தப்பிய மாலுமி, மோப்பம் தப்பிய வேட்டைநாய், நூலைக் கைவிட்ட வீரன், கிழக்கைத் தொலைத்த யாத்திரிகன் என்று ஒவ்வொரு தொடரும் ஒவ்வொரு ஆளிடமிருந்து வந்தது. யார் எங்கே தொலைந்தார் என்று தெரிந்துகொண்டால், எந்தத் தொடரை எங்கே சொல்லலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் தொலைவதைச் சொல்லும் ஆங்கில வினையையே பார்க்க வேண்டும். 'லூஸ்', 'லாஸ்ட்' என்பவற்றின் வேர் 'லோசியன்' என்ற பழைய ஆங்கில வினை. அழிதல், மடிதல் என்ற பொருள் அதில் ஓங்கி நின்றது. அந்தப் பழைய வாடை இன்னும் போகவில்லை. கடலோரக் கல்லறைக் கற்களில் 'லாஸ்ட் அட் ஸீ' என்று செதுக்கியிருந்தால் அந்த ஆள் கரை தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று பொருளில்லை; கடலில் மாண்டார் என்றே பொருள். தயங்குகிறவன் 'லாஸ்ட்' என்று ஒரு பழமொழி உண்டு. ஜோசப் அடிசன் 1713இல் அரங்கேற்றிய 'கேட்டோ' நாடகத்தில் பெண்களைப் பற்றி வந்த ஒரு வரி, வாய்மாறி வாய்மாறிப் பொதுப் பழமொழியாகிவிட்டது. 'தயங்கினவன் கெட்டான்' என்று தமிழில் சொன்னால் கச்சிதம். 'தொலைந்துபோனான்' என்றால், தயங்கித் தயங்கி எங்கோ தெருமாறிப் போய்விட்டான் போலிருக்கிறது என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார்.

தமிழிலும் இந்த வினைக்கு அதே இரட்டை முகம் இருப்பது வியப்புதான். 'தொலைந்தான்' என்றால் காணாமற்போனான். 'இன்றோடு அவன் தொலைந்தான்' என்றால் ஒழிந்தான். தூரத்தைக் குறிக்கும் தொலைவும் பக்கத்திலேயே நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் பரவிய 'கெட் லாஸ்ட்' என்ற வசைக்கும், எரிச்சலில் வாயில் வரும் 'தொலைந்து போ'வுக்கும் மயிரிழை வித்தியாசம்கூடக் கிடையாது. இப்படிச் சரிக்குச் சரி பொருந்தும் இடங்கள் குறைவு. கிறித்தவ மறைநூலின் லூக்கா 15ஆம் அதிகாரத்தில் காணாமற்போன ஆட்டின் உவமையும், வீட்டைவிட்டுப் போய்ச் சொத்தை அழித்துத் திரும்பிவந்த மகனின் உவமையும் வருகின்றன. அந்த மகனைத் தமிழ்க் கிறித்தவர்கள் 'கெட்ட குமாரன்' என்கிறார்கள். இன்றைய காதுக்கு அது 'தீயவன்' என்றே விழும். கெடு என்னும் வினைக்குப் பழந்தமிழில் இழத்தல் என்ற பொருளும் உண்டு என்பது நினைவுக்கு வந்தால், குமாரன் மேலுள்ள பழி பாதி குறையும்.

தொல்லை எங்கே தொடங்குகிறதென்றால், தமிழ் நாலைந்து வினைகளுக்குப் பிரித்துக் கொடுத்த வேலையை ஆங்கிலம் இந்த ஒரே வினையின் தலையில் கட்டியிருக்கிறது. பணத்தை இழக்கிறோம், சாவியைத் தொலைக்கிறோம், ஆட்டத்தில் தோற்கிறோம், வழி தவறுகிறோம், கைக்கு வந்ததைக் கோட்டை விடுகிறோம். ஆங்கிலத்தில் எல்லாமே 'லூஸ்'. 'லாஸ்ட் காஸ்' என்பது தொலைந்த கொள்கை அல்ல, இனி வெல்ல வழியில்லாத கட்சி. மேத்யூ ஆர்னல்டு 1865இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை அத்தகைய கட்சிகளின் இல்லம் என்று பாசத்தோடு வருணித்தார். மறு ஆண்டே எட்வர்டு பொல்லார்டு என்ற அமெரிக்கர், உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களின் வரலாற்றுக்கு அதையே தலைப்பாக வைத்தார். 'லாஸ்ட் த பிளாட்' என்று பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒருவரைப் பற்றிச் சொன்னால் அவர் வீட்டுமனையைப் பறிகொடுத்துவிட்டார் என்று பொருளல்ல. என்ன நடக்கிறது என்ற பிடிப்பு அவருக்கு விட்டுப்போயிற்று, புத்தி பேதலித்தது போல நடக்கிறார் என்று பொருள்.

காட்டுக்குத் திரும்பலாம். ஆங்கிலேயரின் காடு பெரும்பாலும் கதைக்காடு. 'பேப்ஸ் இன் த வுட்' என்று உலகம் தெரியாத அப்பாவிகளைச் சொல்வார்கள். 1595இல் நாரிச் நகரத்து அச்சாளர் தாமஸ் மில்லிங்டன் வெளியிட்ட ஒரு கதைப்பாடலிலிருந்து வந்த தொடர் அது. தாய் தந்தை இறந்த இரண்டு குழந்தைகள். சொத்துக்கு ஆசைப்பட்ட உறவுக்காரன். அவன் ஏவிய இரண்டு கூலியாட்கள். அவர்களில் ஒருவன் மனம் இளகி மற்றவனைக் கொன்றுவிட்டு, குழந்தைகளைக் காட்டில் விட்டுப் போகிறான். குழந்தைகள் அலைந்து அலைந்து இறக்கின்றன. ராபின் பறவைகள் இலைகளால் மூடுகின்றன. நார்ஃபோக்கில் உள்ள வேலண்ட் காடுதான் அந்த இடம் என்று ஊர்மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அதே பாடலில் இன்னொரு தொடரும் ஒளிந்திருக்கிறது. 'நோ லவ் லாஸ்ட்' என்று இருவரைப் பற்றிச் சொன்னால் இன்று அவர்களுக்கிடையே துளியும் ஒட்டுதல் இல்லை என்று பொருள். பாடலில் அது இறந்துபோன தாய் தந்தையரைப் பற்றி வருகிறது, நேர் எதிரான பொருளில்: கொடுத்த அன்பு ஒரு துளியும் வீணாகவில்லை, இருவரும் அத்தனை ஒற்றுமை என்று. தொலைய எதுவும் இல்லாததற்கு இரண்டு காரணம் இருக்க முடியும் அல்லவா? சேதாரமே இல்லை என்பது ஒன்று. சேதமாகச் சரக்கே இல்லை என்பது இன்னொன்று. பல காலம் இரண்டு பொருளும் ஒன்றாகவே புழங்கி, கடைசியில் கசப்பான பொருள் மட்டும் தங்கிவிட்டது.

காட்டைப் பற்றிய மற்றொரு தொடர் தமிழ் மேடைகளிலும் அடிக்கடி காதில் விழுகிறது: மரங்களைப் பார்க்கிறார்கள், காட்டைப் பார்க்கவில்லை என்பது. ஜான் ஹேவுட் 1546இல் தொகுத்த ஆங்கிலப் பழமொழிகளிலேயே இது இருக்கிறது. பிரிட்டனில் 'வுட்' என்பார்கள், அமெரிக்காவில் 'ஃபாரஸ்ட்'. சில்லறை விவரங்களில் மூழ்கி முழு விஷயத்தைத் தவறவிடுபவனுக்கான தொடர் இது. வழி தெரியாதவனுக்கானது அல்ல. 'அவுட் ஆஃப் த வுட்ஸ்' என்பதோ ஆபத்து நீங்கியதைச் சொல்வது, அதுவும் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மருத்துவர் சொல்லும் 'இன்னும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது' என்பதற்கு இணை.

'கோயிங் அரவுண்ட் இன் சர்க்கிள்ஸ்', அதாவது வட்டமடித்துக்கொண்டே இருப்பது, வெறும் உருவகம் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஜெர்மனியின் டியூபிங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யான் சௌமன் குழு 2009இல் அதைச் சோதித்துப் பார்த்தது. பீன்வால்ட் என்ற சமதளக் காட்டிலும் துனீசியாவின் சகாரா பாலையிலும் ஆட்களை விட்டு, நேராக நடங்கள் என்று சொல்லி, ஜிபிஎஸ் கருவியால் பின்தொடர்ந்தார்கள். வெயில் அடித்த நாளில் காட்டில் நடந்தவர்கள் நேராகவே போனார்கள். வானம் மூடிய நாளில் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள். முன்பு நடந்த தடத்தைத் தாங்களே குறுக்கே கடந்தும் அது தெரியாமல் போனார்கள். கண்ணைக் கட்டி விட்டவர்களோ 20 மீட்டர் குறுக்களவுகூட இல்லாத வட்டங்களில் சுற்றினார்கள். ஒரு கால் மற்றதைவிட நீளமாக இருப்பதுதான் காரணம் என்ற பழைய விளக்கமும் அடிபட்டுப்போனது, ஏனென்றால் ஒரே ஆள் சிலசமயம் இடப்பக்கமும் சிலசமயம் வலப்பக்கமும் திரும்பினார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் என்று தமிழர்கள் சொல்லிவந்ததை, கண்ணைக் கட்டுவது தனி, காட்டில் விடுவது தனி என்று பிரித்து ஜெர்மனி ஆய்வாளர்கள் அளந்துவிட்டார்கள்.

ஆனால் ஆங்கிலம் உண்மையாகத் தொலைந்த இடம் கடல். 'அட் ஸீ', அழுத்திச் சொன்னால் 'ஆல் அட் ஸீ'. புது வேலையில் சேர்ந்தவர், கணக்குப் பாடத்தில் மிரண்டவர், ஸ்மார்ட்ஃபோனை முதன்முதலாகக் கையில் வாங்கிய முதியவர் எல்லோருக்கும் பொருந்தும். சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் 1768இலேயே நீதிமன்றங்களின் தடுமாற்றத்தைச் சொல்ல இதைக் கையாண்டிருக்கிறார். 'கடலில் இருத்தல்' என்பது ஏன் தடுமாற்றம் ஆனது? நீச்சல் தெரியாததாலா? இல்லை. கரை கண்ணுக்கு மறைந்த பிறகு, கிழக்கு மேற்காகக் கப்பல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி அந்தக் காலத்தில் எவரிடமும் இல்லை.

வடக்கு தெற்கு எளிது. நண்பகல் சூரியனின் உயரத்தையோ துருவ மீனின் உயரத்தையோ அளந்தால் அட்சரேகை தெரிந்துவிடும். தீர்க்கரேகைக்கு அப்படி ஒரு மீன் வானத்தில் கிடையாது. கயிற்றில் முடிச்சுப் போட்டு வேகத்தை அளந்து, மணல்கடிகையைத் திருப்பித் திருப்பி நேரத்தைக் கணித்து, கப்பல் இங்கேதான் இருக்க வேண்டும் என்று குத்துமதிப்பாக ஒரு புள்ளி வைப்பார்கள். 1707 அக்டோபர் 22 இரவு, மத்தியதரைக் கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படை அப்படித்தான் புள்ளி வைத்திருந்தது. ஆங்கிலக் கால்வாயின் வாயில் பத்திரமாக நுழைகிறோம் என்று நம்பிய கப்பல்கள் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதின. நான்கு கப்பல்கள் மூழ்கின. தளபதி சர் கிளவுட்ஸ்லி ஷவல் உட்படக் குறைந்தது 1,400 பேர் இறந்தார்கள். தீர்க்கரேகைக் கணக்கு மட்டுமல்ல, அட்சரேகைக் கணக்கும் வரைபடங்களுமே அன்று பிசகியிருந்தன என்பது பின்வந்த வரலாற்றாசிரியர்களின் கருத்து. எதுவானாலும் அந்தச் சாவு நாட்டை உலுக்கியது.

1714இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: அரை பாகைக்குள் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்கும் வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு பரிசு. வானியல் மேதைகள் நிலவையும் மீன்களையும் அளந்துகொண்டிருக்க, விடையோடு வந்தவர் ஜான் ஹாரிசன் என்ற தச்சர். அவர் கையிலிருந்தது ஒரு கடிகாரம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. புறப்பட்ட துறைமுகத்தின் நேரமும் கப்பல் நிற்கும் இடத்தின் நேரமும் தெரிந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கணக்குப்போட்டுவிடலாம். கப்பலின் ஆட்டத்திலும் வெயில் குளிரிலும் பிசகாத கடிகாரம்தான் வேண்டியிருந்தது. 1761இல் ஹாரிசனின் மகன் அதை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனபோது, 81 நாளில் அது சுமார் 5 விநாடிதான் பிந்தியிருந்தது. அதன் பிறகும் பரிசுக் குழு இழுத்தடித்தது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தலையிட்ட பிறகு, 1773இல், ஹாரிசனுக்கு 80 வயதானபோது நாடாளுமன்றமே மிச்சத் தொகையைக் கொடுத்தது. அலுவலகத்துக் கோப்புகள் எந்த நாட்டிலும் ஒரே வேகத்தில்தான் நகரும் போலும். கடலில் கப்பல்கள் வழி கண்டன. தொடர் மட்டும் 'ஆல் அட் ஸீ' என்றே நின்றுவிட்டது.

'லூஸ் ஒன்ஸ் பேரிங்ஸ்' இதன் தம்பி. ஒரு கலங்கரை விளக்கமோ மலைமுகடோ திசைகாட்டியில் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதே 'பேரிங்'. புது ஊரில் பேருந்தைவிட்டு இறங்கிச் சுற்றும்முற்றும் பார்ப்பவனுக்கு இந்தத் தொடர் சரி. இலக்கணம் புரியாத மாணவனுக்கு 'ஆல் அட் ஸீ' சரி. முன்னவனுக்கு ஒரு தேநீர்க்கடை கண்ணில் பட்டால் போதும், மீண்டுவிடுவான். பின்னவனுக்குக் கரையே தெரியவில்லை.

இந்திய ஆங்கிலத்தில் அதிகம் இடறிவிழும் தொடர் 'அட் எ லாஸ்'. கடைக்காரர் சொன்னால் நஷ்டத்துக்கு விற்கிறார். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் 'அட் எ லாஸ் ஃபார் வர்ட்ஸ்' என்றால் வார்த்தை வராமல் நிற்கிறார். இரண்டாவதன் பிறப்பிடம் வேட்டைக்களம். ஓடிக்கொண்டிருந்த வேட்டைநாய்க்குச் சட்டென்று மோப்பம் அறுந்துவிட்டால், அது 'அட் எ லாஸ்' என்று 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சொன்னார்கள். மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலை மடக்கியபடி நிற்கும் நாயைக் கற்பனை செய்தால் பொருள் மறக்காது.

வேட்டை தந்த மற்றவை எல்லாம் தப்பான வழியில் உற்சாகமாக ஓடுவதைப் பற்றியவை. அமெரிக்காவில் இரவில் ரக்கூன் வேட்டைக்குப் போனால், விலங்கு ஏறிய மரத்தடியில் நின்று நாய் குரைக்க வேண்டும். இருட்டில் அது அடுத்த மரத்துக்குத் தாவியிருந்தாலும் நாய் பழைய மரத்தையே பார்த்துக் குரைக்கும்; 1830களிலேயே 'தப்பான மரத்தைப் பார்த்துக் குரைப்பது' பழமொழி ஆகிவிட்டது. 'வைல்டு கூஸ் சேஸ்' ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் வருகிறது. காட்டு வாத்தை யாரும் துரத்தவில்லை. அது ஒரு குதிரைப் பந்தயம்: முன்னே போகிறவன் எப்படி வளைந்தாலும் பின்னே வருகிறவர்கள் குறித்த இடைவெளியில் அப்படியே வளைந்து போக வேண்டும், வாத்துக்கூட்டம் பறப்பதைப் போல. பந்தயம் மறந்துபோன பிறகுதான் வாத்தைப் பிடிக்க ஓடும் வீண்வேலை என்ற விளக்கம் ஒட்டிக்கொண்டது.

'ரெட் ஹெர்ரிங்' கதை இன்னும் ருசியானது. உப்பிட்டுப் புகையூட்டிச் சிவந்த மீன், சுருக்கமாகச் சொன்னால் கருவாடு. வேட்டைநாய்களைத் திசைதிருப்பக் கருவாட்டைத் தடத்தின் குறுக்கே இழுப்பார்கள் என்று அகராதிகள் வெகுகாலம் எழுதிவந்தன. அப்படியொரு வழக்கம் நிலைபெற்றிருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. வில்லியம் கோபெட் என்ற இதழாசிரியர் 1807இல், நெப்போலியன் தோற்றதாக வந்த பொய்ச்செய்தியில் மயங்கி உள்நாட்டுப் பிரச்சினைகளை மறந்த பத்திரிகைகளைக் கிண்டல்செய்ய, சிறுவயதில் கருவாட்டை இழுத்து நாய்களை ஏமாற்றியதாக ஒரு கதை எழுதினார். அந்தக் கதையிலிருந்தே தொடர் பரவியது என்பதை அண்மைக்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். திசைதிருப்பும் தந்திரத்துக்குப் பெயர் தந்த கதையே சொல்லாராய்ச்சியாளர்களை நூறாண்டுக்கு மேல் திசைதிருப்பியிருக்கிறது!

பேச்சின் நடுவே விட்ட இடம் மறந்தால் 'லாஸ்ட் த த்ரெட்' என்பார்கள். நூல் என்றதும் கிரேக்கப் புராணம் வந்துவிடும். கிரீட் தீவில் பின்னல்வழிக் கட்டடத்துக்குள் இருக்கும் காளைத்தலை அசுரனைக் கொல்லப் போகும் தீசியஸுக்கு, அரசகுமாரி அரியட்னி ஒரு நூற்கண்டு கொடுக்கிறாள். நூலைப் பிரித்துக்கொண்டே போய், பிடித்துக்கொண்டே திரும்புகிறான். நூற்கண்டுக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த சொல்தான் தேய்ந்து 'க்ளூ' ஆனது. துப்பறியும் நாவலின் துப்பு ஒரு காலத்தில் உருட்டிவைத்த நூல். 'ஐ ஹாவன்ட் எ க்ளூ' என்று தோளைக் குலுக்குகிறவர், தன்னிடம் கண்டே இல்லை என்கிறார். 'அமேஸ்' என்பதும் அந்தப் பக்கத்துச் சொந்தம்தான். முதலில் அது வியப்பு அல்ல, தலைசுற்றல். பின்னல்வழிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'மேஸ்' அதனோடு உடன்பிறந்தது. லண்டனுக்கு அருகில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1690களில் நட்ட வேலிப் பின்னல் இன்றும் இருக்கிறது. ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் எழுதிய 'த்ரீ மென் இன் எ போட்' நகைச்சுவை நாவலில் ஹாரிஸ் என்பவர், இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று அதற்குள் போய், பின்னால் வந்தவர்களையெல்லாம் சேர்த்து மாட்டிவிடுகிறார். காப்பாற்ற வந்த காவலாளியும் உள்ளேயே சுற்றுகிறார்.

திசைச்சொற்களில் ஒரு சிறு வேடிக்கை. 'டிஸ்ஓரியன்டட்' என்றால் கிழக்கைத் தவறவிட்டவன் என்பதே சொல்லின் உடல். பிரெஞ்சிலிருந்து வந்தது. ஐரோப்பியத் தேவாலயங்கள் கிழக்கு நோக்கிக் கட்டப்பட்டன. 1300 வாக்கில் வரைந்த ஹெர்ஃபோர்டு உலகப்படத்தில் மேற்புறம் இருப்பது வடக்கு அல்ல, கிழக்கு. திசைகாட்டி வந்ததும் வடக்கு மேலே ஏறியது. பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் பதறிப்போகிறவனை 'வடக்கைத் தொலைத்தான்' என்கிறார்கள். கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாமல் நிற்பதாகச் சொல்லும் தமிழுக்குச் சூரியனே போதும். காந்த ஊசி வேண்டியிருக்கவில்லை.

'ஐ ஹாவன்ட் த ஃபாகியஸ்ட்', அதாவது எனக்குத் துளியும் தெரியாது என்பது, லண்டன் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு எளிதில் விளங்கும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நகரத்தை மூடிய நச்சுப் பனிமூட்டத்தில் பேருந்துகளுக்கு முன்னால் நடத்துனர்கள் தீப்பந்தம் பிடித்து நடந்தார்கள். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கத்துக்குள்ளேயே மூட்டம் புகுந்ததால், நடந்துகொண்டிருந்த இசைநாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள்.

தொலைதூர இடங்களைக் கேலியாகச் சொல்லும் தொடர்கள் இன்னொரு குடும்பம். 'பேக் ஆஃப் பியாண்ட்' ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. வால்டர் ஸ்காட் 1816இல் எழுதிய 'தி ஆன்டிகுவரி' நாவலில் இருக்கிறது. பட்டிக்காட்டைக் குறிக்கும் 'பூண்டாக்ஸ்', பிலிப்பைன்ஸில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் தகாலோகு மொழியிலிருந்து மூட்டைகட்டிக்கொண்டு வந்தது. அந்த மொழியில் 'புண்டோக்' என்றால் மலை, அவ்வளவுதான். பழைய வரைபடங்களின் ஓரத்தில் 'இங்கே டிராகன்கள் உண்டு' என்று எழுதியிருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படி எழுதிய காகித வரைபடம் ஏதும் தெரியவரவில்லை. அந்த லத்தீன் வாசகம் இருப்பது நியூயார்க் பொது நூலகத்தில் உள்ள, 1510 வாக்கில் செய்த, பெரிய ஆரஞ்சுப் பழம் அளவேயான ஒரு செம்பு உருண்டையில். அதோடு நெருங்கிய உறவுடைய தீக்கோழி முட்டை உருண்டை ஒன்றிலும்.

இத்தனையையும் அடுக்கிப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. ஆங்கிலத் தொடர்களில் தொலைப்பவரும் தொலைபவரும் பெரும்பாலும் ஒருவரே. வழியைத் தொலைத்தான், திசைக்கோணத்தைத் தொலைத்தான், நூலைத் தொலைத்தான், கதைப்போக்கைத் தொலைத்தான். கையில் ஏதோ இருந்தது, அவன்தான் விட்டுவிட்டான். தமிழ் வழக்கில் குற்றவாளி பெரும்பாலும் வேறொருவர். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது யாரோ. நட்டாற்றில் கைவிட்டதும் யாரோ. ஆங்கிலேயனுக்குக் கடல் நடு என்பது அறியாமை. தமிழனுக்கு ஆற்று நடு என்பது துரோகம். திக்கற்றவன் என்றால் திசை தெரியாதவன் என்றல்லவா இருக்க வேண்டும்? ஆதரவுக்கு ஆள் இல்லாதவன் என்று பொருள். திசை என்பதே இங்கே மனிதர்தான்.

இதை விதியாக்கிவிடக் கூடாது. 'லெஃப்ட் இன் த லர்ச்' என்பது ஆங்கிலத்தின் நட்டாறு. ஒரு பழைய பிரெஞ்சுப் பலகை ஆட்டத்தில் மீளமுடியாதபடி பின்தங்கிய நிலையிலிருந்து வந்தது. இனிக்கப் பேசி ஏமாற்றுவதற்குத் 'தோட்டத்துப் பாதையில் அழைத்துப்போவது' இருக்கிறது. கோட்டையை விடுகிற தமிழனும் தானாகத்தான் விடுகிறான். இருந்தாலும் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெளிவு. மொழிபெயர்ப்பில் அது உறுத்தும். 'அவள் அவனைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாள்' என்ற வரியை ஆங்கிலத்தில் 'ஆல் அட் ஸீ' ஆக்கினால், விட்டவள் மறைந்துபோவாள்.

'யூ ஹேவ் லாஸ்ட் மீ' தனி ரகம். அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் இப்படிச் சொன்னால், 'என்னை இழந்துவிட்டீர்கள், ராஜினாமா' என்று பொருளல்ல. எனக்குப் புரியவில்லை என்பதை, நீங்கள் வேகமாகப் போய்விட்டீர்கள் என்று மாற்றிச் சொல்லும் நாகரிகம். 'லாஸ்ட் ஆன் ஹிம்' அதன் மறுபுறம்: சொன்ன நகைச்சுவை அவர் தலைக்கு மேலே போய்விட்டது, அவருக்கு ஏறவில்லை.

தொலைவதில் சுகமும் உண்டு. சிந்தனையில், இசையில், புத்தகத்தில் தன்னைத் 'தொலைப்பது' ஆங்கில வழக்கு. தமிழில் தன்னை மறப்பார்கள், மெய்மறப்பார்கள். 'லாஸ்ட் ஜெனரேஷன்' இதற்கு நேர்மாறு. முதல் உலகப்போரை இளவயதில் கண்டு எதிலும் பற்றில்லாமல் போனவர்கள். பாரிஸில் ஒரு வாகனப் பட்டறை முதலாளி தன்னிடம் வேலைசெய்த இளைஞனைத் திட்டிய சொல் அது. எழுத்தாளர் கெர்ட்ரூடு ஸ்டைன் கேட்டு நாவலாசிரியர் ஹெமிங்வேயிடம் சொல்ல, அவர் 1926இல் தன் நாவலின் முகப்பில் வைத்தார். அமெரிக்கத் தென்மாநிலக் கிராமத்தார் இலக்கியமெல்லாம் பேசுவதில்லை. அங்கே ஒருவன் 'போன வருஷத்து ஈஸ்டர் முட்டையைப் போல' தொலைந்திருக்கிறான், குழந்தைகள் தேடி எடுக்காமல் புதரில் கிடக்கும் முட்டை.

தனிமனிதர் பெயரில் வழங்கும் தொடரும் ஒன்று உண்டு. டக்ளஸ் கோரிகன் என்ற விமானி நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்து போகப் பலமுறை அனுமதி கேட்டார். விமானம் ஓட்டை உடைசல் என்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவுக்குத் திரும்பிப்போக மட்டும் அனுமதி கிடைத்தது. 1938 ஜூலை 17 அதிகாலை மேற்கே போக வேண்டியவர் கிழக்கே பறந்தார். 28 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறந்து டப்ளினில் இறங்கி, இது எந்த ஊர் என்று கேட்டார். மேகமூட்டம், திசைகாட்டியைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்றார். உரிமத்தை 14 நாள் முடக்கினார்கள். கப்பலில் ஊர் திரும்புவதற்குள் அதுவும் ஏறக்குறைய தீர்ந்துபோனது. நியூயார்க்கில் லட்சக்கணக்கானோர் திரண்டு வரவேற்றார்கள். ஒரு நாளிதழ் அவருக்கான தலைப்பை வலமிருந்து இடமாகத் திருப்பி அச்சடித்தது. அன்றிலிருந்து எதிர்த்திசையில் போகிறவனெல்லாம் 'ராங் வே கோரிகன்'. அவர் 1995 டிசம்பர் வரை உயிரோடு இருந்தார். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டும், வேண்டுமென்றே போனேன் என்று கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை.